ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் எரியும் செக் எஞ்சின் விளக்கு: இரண்டு சென்சார்களை மாற்றியும் தீரவில்லை

அஸ்தம்பட்டி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிவதால் வாரத்தில் ஐந்து நாட்கள் மலையேறி இறங்குகிறேன். என் கார் 2016ஆம் ஆண்டு வாங்கிய டீசல் வண்டி, பிஎஸ்4 வகை, கைக் கியர். இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

மூன்று மாதங்களாக ஒரே தொல்லை. அடிவாரத்தைக் கடந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பெரும்பாலும் ஐந்தாவது வளைவுக்கும் பன்னிரண்டாவது வளைவுக்கும் இடையில் எங்காவது ஓரிடத்தில், வளைவை முடித்து இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தும் அந்த நொடியில், செக் எஞ்சின் விளக்கும், வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் விளக்கும் ஒன்றாக எரிகின்றன. உடனே வண்டி இழுவையை இழந்துவிடுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஊர்ந்துதான் செல்கிறது. பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறத் தொடங்கிவிடுகிறது. இறங்கும்போது ஒருமுறைகூட இவ்வாறு நேர்ந்ததில்லை. ஓமலூர் வழியாகத் தருமபுரி வரை நான்கு வழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோதும் நேர்ந்ததில்லை. மலைக்கு வெளியே ஒரே ஒருமுறை, சேலத்திற்குள் ஒரு ஜவுளிக் கடையின் நிலத்தடி வாகன நிறுத்தத்திலிருந்து செங்குத்தான சரிவில் மேலே ஏறும்போது இதே விளக்குகள் எரிந்தன. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் கொண்டுசென்ற சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பழுது என்று மாற்றினார்கள். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் பனிமூட்டத்தின் ஈரத்தாலும் அந்த சென்சார் கெட்டுப்போவது இயல்பு என்று காரணமும் சொன்னார்கள். நான்கு நாட்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. அடுத்து, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் உள்ள அழுத்த சென்சாரை மாற்றினார்கள். இரண்டுக்கும் சேர்த்து 11,400 ரூபாய் ஆயிற்று. இப்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் போய்விட்டது, 62,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இசிஎம் கெட்டிருந்தால் சமதளத்தில் மட்டும் எப்படிச் சரியாக ஓடுகிறது என்று கேட்டதற்கு, அடுத்த முறை கணவரை அழைத்து வாருங்கள், அவரிடம் விளக்குகிறோம் என்றார்கள். என் கணவருக்கு ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டத் தெரியும்.

வண்டியின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி பொருத்துவாயில் செருகிக் கைப்பேசியில் பார்க்கும் சிறு கருவி ஒன்றை நானே வாங்கினேன். நேற்று எட்டாவது வளைவில் விளக்கு எரிந்தபோது அதில் நான்கு குறியீடுகள் தெரிந்தன: பி0642, பி0107, பி0192, பி2122. சர்வீஸ் சென்டர் கொடுத்த தாளில் இவற்றுள் நடு இரண்டு மட்டுமே இருந்தன. 62,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

நாகலூர் மிளகு:

வணக்கம் டீச்சர். இங்கே எஸ்டேட் வண்டிகளில் ஒயரிங் கோளாறு என்றால் நான் முதலில் தேடுவது எலியைத்தான். குளிர் காலத்தில் எஞ்சின் சூடு தேடி வந்து பானட்டுக்குள் கூடு கட்டும். ஒயரின் மேலுறையைக் கடித்துவிட்டுப் போய்விடும். பள்ளியில் வண்டியை மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? எஞ்சின் மேல் மூடியைக் கழற்றி, சருகு, எச்சம், கடித்த தடம் ஏதேனும் தென்படுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் ஜீப்பில் ஒருமுறை இரண்டு ஒயர்களும், போதாக்குறைக்கு வாஷர் குழாயும் போயிருந்தன.

செவ்வாய்ப்பேட்டை ஒயர்மேன்:

சகோதரிக்கு வணக்கம். 26 ஆண்டுகளாகச் சேலத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். குறியீடு என்பது கணினி எந்த இடத்தில் தவறைக் கண்டது என்பதைத்தான் சொல்லும். எந்தப் பொருள் கெட்டது என்பதைச் சொல்லாது. பி0107 என்றால் மேப் சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் குறைந்தது என்று பொருள். அந்தச் சுற்றில் சென்சாரும் இருக்கிறது, அதை ஒயரோடு இணைக்கும் கப்ளரும் இருக்கிறது, மூன்று ஒயர்களும் இருக்கின்றன, கடைசியில் இசிஎம்மும் இருக்கிறது. இவற்றில் எளிதாகக் கழற்றக்கூடியது சென்சார் என்பதால் அதையே முதலில் மாற்றுகிறார்கள்.

தொடர்பில்லாத பல குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால் நான் பேட்டரியிலிருந்தும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையான எர்த்திலிருந்தும் தொடங்குவேன். பனிமூட்டத்தில் ஏறும்போது ஹெட்லைட், வைப்பர், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை துருவேறியிருந்தால் அந்தச் சுமையில் மின்னழுத்தம் விழுந்து, சென்சார்கள் தாறுமாறாகப் பேசத் தொடங்கும்.

அதைப் பார்க்கும் வழி இது. வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அடுத்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது 0.3 வோல்ட்டுக்குள்ளும், எல்லா விளக்குகளும் எரிய எஞ்சின் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

தயவுசெய்து யாரும் எர்த்தை மீட்டரின் ஓம் (மின்தடை) அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். இருபது இழை ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் தொடர்பு இருக்கிறது என்றே பீப் அடிக்கும். சுமை ஏறி மின்சாரம் ஓடும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

உங்கள் கருவியில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பகுதி இருக்கும். நம் நாட்டில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி இரண்டாம் கட்டம் இருப்பதால் உங்கள் வண்டியிலும் அது பதிவாகியிருக்க வேண்டும். கோளாறு நேர்ந்த நொடியில் எஞ்சின் வேகம், பெடல் அளவு, பேட்டரி வோல்ட் ஆகியவை என்னவாக இருந்தன என்பதை அங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்வதற்கு முன் குறியீடுகளை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. எலி வந்த தடம் எதுவும் இல்லை. ஒரு பல்லி முட்டை மட்டும் இருந்தது.

பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் மல்டிமீட்டரோடு உதவினார். காலையில் பேட்டரி 12.58 வோல்ட். ஸ்டார்ட் செய்யும்போது 10.4 வரை இறங்கியது. ஓடும்போது 14.1. பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஸ்டார்ட் செய்யும்போது 0.18, எல்லா விளக்குகளோடும் புளோயரோடும் ஓடும்போது 0.04.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் பி0642 குறியீட்டோடு பதிந்திருப்பவை: எஞ்சின் வேகம் 1,850, வண்டியின் வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர், குளிரூட்டி வெப்பநிலை 88 டிகிரி, பெடல் 74 விழுக்காடு, கணினிக்கு வந்த மின்னழுத்தம் 13.9 வோல்ட். அன்று காலை வெயில் அடித்தது. வைப்பரோ ஹெட்லைட்டோ போடவில்லை.

செவ்வாய்ப்பேட்டை ஒயர்மேன்:

அப்படியானால் என் ஐயம் தவறு. கோளாறு நேர்ந்த நொடியிலேயே 13.9 இருந்திருக்கிறது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் மூன்றையும் விட்டுவிடலாம். பி0642 சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையைச் சொல்கிறது. அந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்து, ஒயரிங் கிட்டை, அதாவது ஒயர்களின் கட்டை, அங்கங்கே ஆட்டிப் பார்த்தால் விளக்கு எங்கே அணைகிறது என்று தெரிந்துவிடும்.

கருப்பூர் எலக்ட்ரானிக்ஸ்:

ஒயர்மேன் அண்ணன் சொன்னவற்றில் கடைசி வரியைத் தவிர அனைத்தையும் ஏற்கிறேன். 5 வோல்ட் சப்ளையில் சாதாரண பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். இசிஎம்முக்குள் இருக்கும் 5 வோல்ட் பகுதியோ சில சென்சார்களுக்கு வேண்டிய மில்லி ஆம்பியர் கணக்கிலான மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டது. பல்பை இணைத்தாலே அது ஷார்ட் என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும். இல்லாத கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

ஆசிரியை அவர்களே, உங்கள் முதல் பதிவிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்கு குறியீடுகளையும் சேர்த்துப் படியுங்கள். பி0642 என்பது சென்சார்களுக்கான ‘ஏ’ பிரிவு 5 வோல்ட் குறைந்துவிட்டது என்கிறது. பி0107 மேப் சென்சார் சுற்று, பி0192 ரெயில் அழுத்த சென்சார் சுற்று, பி2122 ஆக்சிலரேட்டர் பெடலின் ஒரு தடம். மூன்றிலுமே ‘குறைவு’ என்பதுதான் குற்றச்சாட்டு. பேட்டரியின் 12 வோல்ட், வண்டி ஓடும் நிலைக்கேற்ப ஏறி இறங்கும். அளவீடு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இசிஎம் அதைத் தனக்குள் 5 வோல்ட்டாக நிலைப்படுத்தி, ஒரே தடத்திலிருந்து பல சென்சார்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரே தெருக்குழாயிலிருந்து மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குழாய் உடைந்தால் மூன்று வீடுகளிலும் தண்ணீர் நின்றுவிடும். உங்கள் சர்வீஸ் சென்டர் இரண்டு வீடுகளின் திருகுக் குழாயை மாற்றிவிட்டு, இப்போது மேல்நிலைத் தொட்டியையே இடித்துக் கட்டச் சொல்கிறது.

ஈஎஸ்பி விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சக்கரம் வழுக்கும்போது எஞ்சினின் விசையைக் குறைக்கும்படி அது இசிஎம்மைக் கேட்க வேண்டியிருக்கும். இசிஎம் தன் சென்சார்களையே நம்ப முடியாத நிலையில் இருப்பதால், ஈஎஸ்பியும் தன்னால் பணி செய்ய இயலாது என்று விளக்கை எரியவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

மலை உயரத்தால் மேப் சென்சார் கெட்டது என்ற விளக்கத்தை நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டால் அந்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்தில் அது 98 கிலோபாஸ்கல் அளவிலும், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 85 அளவிலும் இருக்க வேண்டும். 85 என்பது அந்த சென்சாருக்கு மிகச் சாதாரண அளவு. எஞ்சினுக்குள் அதைவிடக் குறைந்த அழுத்தத்தையும் டர்போ தரும் கூடுதலான அழுத்தத்தையும் அளக்கவே அது செய்யப்பட்டது. பி0107 வர வேண்டுமானால் அதன் சிக்னல் எந்த மலையுச்சியிலும் வர முடியாத அளவுக்கு, ஏறத்தாழப் பூஜ்ஜியத்துக்கு அருகே விழ வேண்டும். அது காற்றால் ஆவதில்லை, ஒயரால் ஆவது.

இனி, எப்போது நேர்கிறது என்பதைப் பாருங்கள். உயரம் காரணமென்றால் இருபதாவது வளைவுக்குப் பிறகுதான் மோசமாக வேண்டும். உங்களுக்கு நடுவிலேயே வருகிறது. ஈரம் காரணமென்றால் வெயில் நாளில் வரக் கூடாது. எஞ்சின் வேகம் காரணமென்றால் தருமபுரிச் சாலையில் வர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஜவுளிக் கடைச் சரிவில் எப்படி வந்தது? அந்தச் சரிவுக்கும் கொண்டை ஊசி வளைவுக்கும் பொதுவாக இருப்பது தாழ்ந்த கியரில் முழு விசையோடு இழுப்பது ஒன்றுதான். அப்படி இழுக்கும்போது எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களின் மேல் ஒருபக்கமாகச் சாய்கிறது. இறங்கும்போது அந்தச் சாய்வு இல்லை. நான்கு வழிச் சாலையில் உயர்ந்த கியரில் மிகக் குறைவு. எனவே எஞ்சின் சாயும்போது மட்டும் ஏதோ ஒரு 5 வோல்ட் ஒயர் எங்கோ உலோகத்தில் பட்டு எர்த் ஆகிறது என்பதே என் கணிப்பு. ஐந்தாவது வளைவுக்கு முன் ஏன் வருவதில்லை என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. சூடேறிய ரப்பர் கூடுதலாக இளகுவது காரணமாக இருக்கலாம்.

உறுதிப்படுத்தும் முறை: மேப் சென்சாரின் கப்ளரைக் கழற்றாமல், பின்புறமாக 5 வோல்ட் ஒயரோடு மெல்லிய ஊசி ஒன்றைச் செருகி, அங்கிருந்து நீண்ட ஒயரை வண்டிக்குள் கொண்டுவந்து மீட்டரில் இணையுங்கள். ஒயரின் மேலுறையைக் குத்தித் துளையிடாதீர்கள். ஏற்காட்டுப் பனியில் அந்தத் துளை வழியாக ஈரம் புகுந்து, ஆறு மாதத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நொடியில் ஒரு சிறு பங்கு நேரமே நீடிக்கும் வீழ்ச்சியைக் கண்ணால் பார்க்க முடியாது. மலிவான மீட்டர்களும் தவறவிடும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் அசிலாஸ்கோப் கிடைத்தால் நல்லது. வண்டியை ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது; உடன் ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கே 5 வோல்ட் விழுவது உறுதியானால், சென்சார்களைக் கழற்றிவிட்டு அந்த ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று ஓம் வைத்துப் பார்க்கலாம்.

மஞ்சள் நிறக் கப்ளர்களை மட்டும் தொடாதீர்கள், அவை ஏர்பேக்கினுடையவை.

செவ்வாய்ப்பேட்டை ஒயர்மேன்:

டெஸ்ட் லேம்ப் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. பழைய பழக்கம்; அம்பாசிடர் காலத்துக் கை. திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் முடிவில் தம்பி சொன்ன ஓம் சோதனை இங்கே உதவாது. ஒயர் அறுந்திருந்தால் தொடர்பு சோதனை சொல்லும். இங்கே ஒயர் அறவில்லை, போகக் கூடாத இடத்தைத் தொடுகிறது; அதுவும் எஞ்சின் சாயும்போது மட்டும். நின்ற வண்டியில் ஓம் வைத்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வைத்தாலும் எஞ்சினைச் சாய்த்தால்தான் பயன். சாவியை மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், மீட்டரை 5 வோல்ட்டில் விட்டுவிட்டு, லீவர் கம்பியால் எஞ்சினை நெம்பிச் சாய்த்தால் இருந்த இடத்திலேயே கோளாறு வரும். கைப் பிரேக்கைப் போட்டு கிளட்சை விட்டு எஞ்சினை இழுக்கவைத்துப் பார்ப்பார்கள் சிலர். அதைத் தனியாக நின்று யாரும் செய்யக் கூடாது, வண்டிக்கு முன்னால் நிற்கவும் கூடாது.

சகோதரி, சனிக்கிழமை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். கணவர் வர வேண்டியதில்லை.

கருப்பூர் எலக்ட்ரானிக்ஸ்:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. வகுப்பில் கரும்பலகையில் வரையும் சுற்றில் எஞ்சின் சாய்வதில்லை.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் குவிந்துவிட்டன.

முதலில் காற்றழுத்தம். வீட்டு வாசலில் சாவியை மட்டும் போட்டபோது 98, பள்ளி வளாகத்தில் 85. கருப்பூர் நண்பர் எழுதியவாறே இருந்தது.

சனிக்கிழமை காலை பட்டறையில் மேப் சென்சாரின் கப்ளரில் ஊசி செருகி, மீட்டரை என் அருகிலிருந்த இருக்கையில் வைத்துக்கொண்டு ஒயர்மேன் ஐயா உடன் வர, அதே ஜவுளிக் கடையின் சரிவுக்குச் சென்றோம். மலைக்குப் போகும் டீசலும் நேரமும் மிச்சம் என்றார். இரண்டாவது முறை ஏறியபோது விளக்குகள் எரிந்தன. 5.02 என்று நின்றிருந்த மீட்டரில் குறைந்தபட்ச அளவு 0.07 என்று பதிந்திருந்தது. வாகன நிறுத்தக் காவலாளி எங்களை ஏதோ கொள்ளைக் கூட்டம் என்று நினைத்திருப்பார்.

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டு, மரக்கட்டை ஒன்றை அணையாக வைத்து லீவர் கம்பியால் எஞ்சினைப் பின்பக்கமாக நெம்பினார். எஞ்சின் விரற்கடை அளவுக்கு மேல் அசைந்தது. அசைவின் கடைசியில் மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்தது. விட்டவுடன் 5 வோல்ட் திரும்பியது. அதை மூன்று முறை செய்து காட்டினார். அதன் பிறகு தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. எஞ்சினிலிருந்து பாடிக்கு ஒயரிங் கிட் தாண்டும் இடங்கள் இரண்டே இருந்தன. இரண்டாவது இடத்தில், பேட்டரித் தட்டைத் தாங்கும் இரும்புப் பட்டையின் கூர்மையான விளிம்பில் கிட் உரசி, மேலே இருந்த நெளிகுழாய் தேய்ந்து, உள்ளே இரண்டு ஒயர்களின் மேலுறை போயிருந்தது. அவற்றுள் ஒன்றில் நெல்மணி அளவுக்குச் செம்பு பளபளத்தது. இன்னொன்றில் பச்சை பூத்திருந்தது. அந்த இடத்தில் கிட்டைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து காணாமல் போயிருந்தது. சென்ற ஆண்டு பேட்டரி மாற்றியபோது உடைந்திருக்கலாம் என்றார்.

வலப்பக்க எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. கிளிப் இல்லாமல் மவுண்டிங் நன்றாக இருந்திருந்தாலோ, மவுண்டிங் கிழிந்து கிளிப் இருந்திருந்தாலோ ஒயர் விளிம்பைத் தொட்டிருக்காது என்பது அவர் கணக்கு. டேப் சுற்றி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் புது ஒயர் சேர்த்துப் பற்றவைத்து, உள்ளே பசை பூசிய சுருங்கு குழாயைச் சூடேற்றி ஒட்டவைத்து, புது நெளிகுழாய்க்குள் விட்டு, ரப்பர் பூசிய உலோகக் கிளிப்பில் முடுக்கினார். இரும்புப் பட்டையின் விளிம்பையும் அரத்தால் தேய்த்து மழுக்கினார். கூலி 1,200 ரூபாய். புதிய மவுண்டிங் 2,800 ரூபாய்.

அதன் பிறகு எட்டு நாட்கள் மலையேறிவிட்டேன். அவற்றுள் மூன்று நாட்கள் நல்ல மழை. ஒருமுறைகூட விளக்கு எரியவில்லை. இரண்டாவது கியரில் முன்பு கேட்டுக்கொண்டிருந்த ஒரு மெல்லிய ‘டொக்’ ஓசையும் நின்றுவிட்டது. அது மவுண்டிங்கின் ஓசை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஐந்தாவது வளைவுக்கு முன் ஏன் வந்ததில்லை என்பதற்கு ஒயர்மேன் ஐயா வேறொரு விடை சொன்னார். எஞ்சின் சூடேறாத வரை நான் மிதமாகத்தான் ஓட்டுவேனாம். சரிவில் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாகலூர் மிளகு:

மகிழ்ச்சி டீச்சர். எலிக்காக வாதாடியதற்கு மன்னிக்கவும். மாற்றிய பழைய சென்சார்கள் இரண்டையும் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கினீர்களா? கெடாத பொருளைத்தானே கழற்றியிருக்கிறார்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

வாங்கிவிட்டேன். புதியவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பழையவற்றைக் கேட்டதும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேசை மீது வைத்தார்கள். ரெயில் சென்சார் வண்டியின் டிக்கியில் கிடக்கிறது. மேப் சென்சாரை இயற்பியல் ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டை அதற்குக் கொடுத்து, சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஏற்காட்டிலும் அடுத்த நாள் சேலத்தில் தம் வீட்டிலும் அளந்திருக்கிறார். ஏற்காட்டு அளவு சற்றே குறைவாக இருந்தது. இப்போது அது ஒன்பதாம் வகுப்பு ஆய்வகத்தில் காற்றழுத்தமானியாக இருக்கிறது.